ஆறாம் நம்பர் போடமாட்டா

ஆகஸ்ட் 4, திங்கள்

நோட்டீஸ் போர்டில் அட்டவணை ஒட்டிவிட்டார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்து, இருபதாம் தேதி ஆரம்பம். எனக்கு இது மூன்றாவது வருடம், அதாவது கடைசி வருடம். போன வருடம் ஃபைனலில் தூத்துக்குடிக்காரிகளிடம் ஒரே ஒரு பாயிண்டில் தோற்றோம். அதைப் பற்றி இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. எழுதினால் கோப்பை எழுந்து நடந்து பாளையங்கோட்டைக்கு வந்துவிடுமா என்ன?

நான் எழுதப்போவது எதிரணிக்கு எத்தனை பாயிண்ட் கொடுத்தோம் என்று மட்டும். நாங்கள் எத்தனை போட்டோம் என்பது இங்கே வராது. போடுவது பெனிட்டாவின் வேலை. போடவிடாமல் மறிப்பது இசக்கியம்மாளாகிய என் வேலை. இந்த மண்டலத்தில் என்னைத் தாண்டிப் போய் நிம்மதியாகப் பந்து போட்டவள் யாரும் கிடையாது. இதைத் தற்பெருமை என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும், உண்மை.

பெனிட்டா இடிந்தகரைக்காரி. மூன்று வருடமாக ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. நல்ல நாளில் இருபது பாயிண்டுக்கு மேல் போடுவாள். கெட்ட நாளில் ரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. எது நல்ல நாள், எது கெட்ட நாள் என்று அவளைப் பெற்றவர்களுக்கும் தெரியாது.

காலையில் கோர்ட்டில் புங்க இலை கூட்டினோம். அதற்கு முன்னால் வழக்கம்போல பெனிட்டா என் வலது கை நடுவிரலில் டேப் சுற்றிவிட்டாள். போன வருடம் பிசகிய விரல். ஹாஸ்டலில் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. கைக்கு ஒரு வாளியாகக் கீழேயிருந்து மூன்று நடை தூக்கினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எதிரணி 29.

ஊரில் ஒரு கிளப் பெண்களோடு பயிற்சி ஆட்டம். ஆடிக் காற்று சட்டையைப் பிடித்து இழுக்கிறது. பெனிட்டா தூரத்திலிருந்து போட்டதெல்லாம் காற்றில் ஒரு முழம் தள்ளிப் போனது. மொத்தம் எட்டு பாயிண்ட். அவளை இரண்டு பேர் சேர்ந்து மறித்தார்கள், ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால்.

என்னை மறிக்க ஒருத்தியும் வரவில்லை. ரிங்குக்குப் பக்கத்திலேயே ஆளில்லாமல் நின்றேன். என்னைக் கண்டு அவ்வளவு பயம். பந்து வந்தபோதெல்லாம் பத்திரமாகப் பெனிட்டாவுக்கே திருப்பிக் கொடுத்தேன். ஒரு பந்தைக்கூட வீணாக்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தாவரவியல் ரெக்கார்டு. தண்டின் குறுக்குவெட்டுப் படம் நான்கு வரைந்தேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை என்று வகுப்பில் என் நோட்டை வாங்கிச் சுற்றுக்கு விட்டார்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மெஸ்ஸில் கோழிக்குழம்பு. கோழி குளித்துவிட்டுப் போன தண்ணீர் என்று ரஹ்மத் சொன்னாள். ரஹ்மத் எங்கள் அணியில் உயரமானவள், ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்தெல்லாம் அவளுடையது. சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கினாள்.

ஷூவின் அடி பிளந்துவிட்டது. பசை போட்டு, மேலே ரெக்கார்டு நோட்டுகளை அடுக்கிவைத்தேன். பிடித்துக்கொண்டது.

அம்மா ஃபோன் பண்ணினாள். அம்பாசமுத்திரத்தில் அங்கன்வாடி வேலை, ஞாயிறு ஒருநாள்தான் அவளுக்குப் பேச நேரம். முதல் கேள்வியே விரல் எப்படி இருக்கிறது என்பதுதான். அங்கே ஒரு வைத்தியரிடம் சொல்லி முறிவெண்ணெய் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறாளாம். பாளையங்கோட்டைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தாள். பெரிய பாட்டில். தினமும் இரண்டு வேளை தேய்க்க வேண்டும் என்று துண்டுச்சீட்டு வேறு, அம்மாவின் குண்டு குண்டு எழுத்தில்.

பாட்டிலைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். இப்போது நேரமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

எதிரணி 31.

நாகர்கோவிலிலிருந்து ஒரு கல்லூரி அணி வந்து ஆடியது. முப்பத்தொன்றுதான் கொடுத்தோம். அதற்கு மேல் ஒரு முப்பத்திரண்டு போட முடியாதா இந்த அணிக்கு? எனக்கு வந்த ஆத்திரத்தில் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி எறிந்தேன். கோமதி மேடம், அவர்தான் எங்கள் உடற்கல்வி இயக்குநர், அதை எடுத்துவந்து என் பையில் வைத்தார்.

ஒரு வேடிக்கை. ஆட்டத்தின் நடுவில் அவர்கள் பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்தினாள்: "ஆறாம் நம்பர விட்ருங்க. அவ போடமாட்டா."

ஆறாம் நம்பர் நான்தான். அவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அறைக்கு வந்து பெனிட்டாவைப் பிடித்துக்கொண்டேன். பதினெட்டு ஷாட் எடுத்து நான்கு போட்டால் எந்த அணி உருப்படும், நான் அங்கே முட்டி தேய மறிக்கிறேன், நீ இங்கே காற்றுக்குக் கல்யாணம் பண்ணிவைக்கிறாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டே இருந்தாள். என் துணியும் அதில் இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் பெனிட்டா டேப் சுற்றிவிட்டாள். பேசவில்லை. ஆனாலும் சுற்றிவிட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

பயிற்சி முடிந்ததும் கோமதி மேடம் எல்லோரையும் உட்காரவைத்தார். மண்டலத்திலேயே குறைவாகப் பாயிண்ட் கொடுக்கிற அணி நாம்தான் என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். குறைவாகப் போடுகிற அணியும் நாம்தான் என்றார் அடுத்து. ஒருநாள் ஐம்பது, மறுநாள் இருபத்தாறு, இப்படி ஆடினால் ஃபைனலை டிவியில்கூடப் பார்க்க முடியாது என்றார். ஃபைனலை எந்த டிவியிலும் காட்டமாட்டார்கள் என்று ரஹ்மத் முணுமுணுத்தாள்.

பிறகு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இந்தத் தொடரில் என்னைப் பார்க்கப்போகிறாராம். பந்து கைக்கு வந்தும் போடாமலே இருந்தால், எனக்குப் பதிலாக திவ்யாவை இறக்குவாராம். திவ்யா ஓரளவு போடுவாள், மறிக்கத் தெரியாது.

"மேடம், விரலு," என்றேன்.

"தெரியும். ஆனா நாலு பேர வெச்சுக்கிட்டு அஞ்சு பேரோட ஆட முடியாதும்மா," என்றார்.

அவர் சொன்ன விதத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் திருப்பி நாலு சொல்லியிருப்பேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு கோர்ட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தரை, வெயிலில் ஷூ வழியாகச் சுட்டது. சும்மாதான் போனேன். டேப் வேர்வையில் கசகசத்ததால் உரித்துப்போட்டேன். இருபது போட்டேன், பதினான்கு விழுந்தது. காற்றும் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

திரும்பும்போது பார்த்தேன், ஹாஸ்டல் மொட்டைமாடியில் பெனிட்டா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாளா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது, காற்றுக்கு அது தெரியவில்லை. அம்மா ஃபோன். எண்ணெய் தேய்க்கிறாயா என்றாள். தேய்க்கிறேன் என்றேன்.

காலையில் பெனிட்டா புது டேப் சுருள் வாங்கிவந்து சுற்றினாள். மொட்டைமாடி பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

எதிரணி 33. முதல் சுற்று தாண்டினோம். பெனிட்டாவுக்கு நல்ல நாள், தனியாகவே இருபத்திரண்டு. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் விழுந்தது. வேனில் வரும்போது என் தோளில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். சண்டை அத்தோடு தீர்ந்தது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

எதிரணி 27.

செமி ஃபைனல். இருபத்தேழு! இந்தத் தொடரிலேயே யாரும் இவ்வளவு குறைவாகக் கொடுத்ததில்லை. அவர்களுடைய நல்ல ஆட்டக்காரியை ஒன்பது பாயிண்டில் கட்டிப்போட்டேன். ஏழு தடவை கையிலிருந்து பந்தைப் பறித்தேன்.

ஆனால் பெனிட்டா ஏழுதான் போட்டாள். மறுபடியும் இரண்டு பேர், சில சமயம் மூன்று பேர் அவளைச் சுற்றி. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கையில் அவள் எப்படியோ அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து பந்தை எனக்குத் தள்ளிவிட்டாள். ரிங்குக்குக் கீழே நான் மட்டும். சுற்றிலும் ஈ காக்கை இல்லை. நான் அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். நடுவில் ஒருத்தி பறித்துக்கொண்டு ஓடினாள். ஓடியவளை விரட்டிப் பிடித்து மறித்தவளும் நான்தான், அதையும் சொல்ல வேண்டும். கடைசியில் ரஹ்மத் எதையோ தட்டி உள்ளே விட, ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்.

ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை. எதிரில் அதே தூத்துக்குடி.

மேடம் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து திவ்யாவோடு பேசிக்கொண்டே வந்தார்.

ஆகஸ்ட் 23, சனி

ஃபைனலில் ஆரம்பத்திலேயே நான்தான் இறங்குகிறேன். மேடம் காலையில் பெயர்களைப் படித்தபோது எனக்கே நம்பிக்கையில்லை. அப்புறம் ரஹ்மத் சொன்னாள், நேற்று பெனிட்டா மேடத்தின் அறைக்குப் போய் அரைமணி நேரம் நின்றாளாம். திவ்யாவை இறக்குவதென்று மேடம் முடிவே பண்ணிவிட்டாராம். பெனிட்டா ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாளாம்.

"அவ போடுவா மேடம்."

எந்த தைரியத்தில் சொன்னாள் என்று தெரியவில்லை.

சரி, எழுதித் தொலைக்கிறேன். போன வருட ஃபைனல். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். நான்கு வினாடி மீதி. என்னைத் தள்ளிவிட்டதற்காக எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். யாரும் மறிக்கமாட்டார்கள், கோட்டில் நின்று நிதானமாகப் போட வேண்டியதுதான். ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் கோப்பை. இரண்டும் விழவில்லை. விரல் பிசகியிருந்தது. பிசகிய விரலோடு யார்தான் போட முடியும்? வேனில் விரலைக் காட்டினேன், வீங்கியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு வேன். ஏறுவதற்கு முன் பெனிட்டாவிடம் விரலை நீட்டினேன். பையைத் துழாவினாள்.

"டேப் தீந்துட்டு," என்றாள்.

போன ஞாயிறு வாங்கியது அதற்குள் எப்படித் தீரும் என்றேன். தீந்துட்டு என்றாள் மறுபடியும். வழியில் ஒரு மருந்துக்கடையும் திறக்கவில்லை. வெறும் விரலைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு வருடமாக மூடியிருந்ததால் அந்த விரல் மட்டும் வெளிறிப்போய், வேறு யாருடைய விரலோ போல இருந்தது.

போன வருடம் ஆடிய அதே திறந்தவெளி மைதானம். அதே எட்டாம் நம்பர், தூத்துக்குடியின் நெட்டைச்சி, போன தடவையைவிட இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தாள். அவள் என் பொறுப்பு. பெனிட்டாவைச் சுற்றி முதல் நிமிடத்திலிருந்தே இரண்டு பேர். என்னைச் சுற்றிக் காற்று.

முதல் பத்து நிமிடத்தில் இரண்டு தடவை எனக்குப் பந்து வந்தது. இரண்டு தடவையும் திருப்பினேன். அவர்கள் பெஞ்சில் கோச் எழுந்து நின்று, நாகர்கோவில்காரி சொன்ன அதே வார்த்தையைச் சொன்னார். ஆறாம் நம்பர விடு, அவ போடமாட்டா. இந்த மண்டலம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அது வேடிக்கையாக இருந்திருக்கிறது.

மூன்றாவது தடவை பந்தைத் திருப்ப நிமிர்ந்தால், பெனிட்டா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள். ஃபைனலில்! பந்தை வாங்கமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு! எனக்கு வந்த கோபத்தில் போட்டேன். ரிங்கில்கூடப் படவில்லை. கேலரியில் ஊளையிட்டார்கள்.

அடுத்த பந்தையும் எனக்கே கொடுத்தாள். ரிங்கில் பட்டு வெளியே போனது. அதற்கடுத்ததும் எனக்கே. அதுவும் போனது. மேடத்தைப் பார்த்தேன், திவ்யா பனியனைச் சரிபண்ணிக்கொண்டு எழுந்து நின்றாள். மேடம் அவளை உட்காரச் சொன்னதைப் பார்த்தேன். நான்காவது பந்து என் கைக்கு வந்ததும் பெனிட்டா தூரத்திலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"மொட்டமாடியிலேருந்து பாத்தேன்ட்டி. பதினாலு."

போட்டேன். விழுந்தது.

அதற்குப் பிறகு விழுந்ததும் உண்டு, விழாததும் உண்டு. இடைவேளைக்குப் பின் என்னை ஒருத்தி தள்ளிவிட்டாள். இரண்டு ஃப்ரீ த்ரோ. அதே கோடு, அதே ரிங். முதலாவது வெளியே. இரண்டாவது ரிங்கைச் சுற்றிச் சுற்றி வந்து, போனால் போகிறதென்று உள்ளே விழுந்தது. ஒரு பாயிண்ட். வாழ்க்கையில் ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு அழுததில்லை, ஓடிக்கொண்டே அழுதேன்.

என் கைக்கு அவ்வப்போதுதான் விழுந்தது. ஆனால் நான் போடுகிறேன் என்று தெரிந்ததும் பெனிட்டாவைச் சுற்றி நின்ற இருவரில் ஒருத்தி என்னிடம் வந்துவிட்டாள். அவ்வளவுதான், பெனிட்டாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. வரிசையாகப் போட ஆரம்பித்தாள். இத்தனை ஆட்டமும் அவளுக்குக் கெட்ட நாளைக் கொண்டுவந்தது காற்றில்லை. கெட்ட நாளை நான்தான் ஓரமாக நின்று உண்டாக்கிக்கொடுத்திருக்கிறேன். அதற்காக அவளையே திட்டியுமிருக்கிறேன்.

இரண்டு நிமிடம் மீதி இருக்கும்போது ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தோம். எட்டாம் நம்பரை மறிக்கப் பாய்ந்தேன், கை அவள் தோளில் பட்டுவிட்டது. என் ஐந்தாவது ஃபவுல். ஐந்து ஆனால் வெளியே போய்விட வேண்டும், திரும்ப வர முடியாது. அவள் தனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டாள், பாவம், அந்தக் கோடு யாரையும் விடுவதில்லை. ஆனால் எனக்குப் பதில் இறங்கிய திவ்யாவுக்கு மறிக்கத் தெரியாது, இனி அவளை யார் மறிப்பது? மறிக்கிறவள் நான் ஒருத்திதான் என்று மூன்று வருடமாகச் சொல்லிவந்தவள் பெஞ்சில் துண்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

யாரும் சொல்லாமலே பெனிட்டா போய் எட்டாம் நம்பரின் முன்னால் நின்றாள். பெனிட்டா! தற்காப்பு என்றால் இடுப்பில் கைவைத்து வேடிக்கை பார்க்கிறவள். அவளுடைய தோள் அளவுகூட இல்லை இவள். முட்டியை மடித்து, கைகளை விரித்து, நான் நிற்கிற மாதிரியே நின்றாள். மூன்று வருடமாக என்னைப் பார்த்திருக்கிறாள். இரண்டு நிமிடமும் விடவில்லை, நெட்டைச்சி எந்தப் பக்கம் திரும்பினாலும் அங்கே இருந்தாள். இரண்டு பக்கமும் ஒரு பந்தும் விழவில்லை. கடைசி வினாடியில் அவள் எழும்பிப் போட்டபோது பெனிட்டாவும் எழும்பினாள். பந்து பெனிட்டாவின் மணிக்கட்டில் அடித்துத் தெறித்தது. அதை ரஹ்மத் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் விழுந்தாள். விசில் ஊதியும் எழுந்திருக்கவில்லை.

வேனில் பெனிட்டாவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. கட்ட ஏதாவது துணி இருக்குமா என்று அவள் பையைத் திறந்தேன். சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் டேப் சுருள், முக்கால்வாசி அப்படியே.

"தீந்துட்டுன்ன?" என்றேன்.

"ஆமா, தீந்துட்டு," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது சரியாக எழுதுகிறேன். போன வருடம் அந்த இரண்டும் விழாமல் போனபோது என் விரல் நன்றாகத்தான் இருந்தது. ஆட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு, ரிங் கம்பத்தை ஓங்கிக் குத்தினேன். அப்போதுதான் பிசகியது. பதினைந்து நாளில் சரியாகியும்விட்டது. குத்தியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பெனிட்டா எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். இன்று வேனில் கேட்டேன், சொன்னாள்.

அப்படியென்றால் முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வருடம் தினமும் காலையில் நல்ல விரலுக்கு டேப் சுற்றியிருக்கிறாள். நான் திட்டிய மறுநாளும் சுற்றியிருக்கிறாள். ஒருத்தியிடமும் சொல்லவில்லை, என்னிடமே சொல்லவில்லை. நான் என்ன செய்து இவளைச் சம்பாதித்தேன்? நன்றி என்று சொன்னால் அடிப்பாள், அதனால் இங்கே எழுதுகிறேன். நன்றிட்டி பெனிட்டா.

எதிரணி 40. இந்த வருடத்திலேயே இதுதான் அதிகம் கொடுத்தது.
நாங்கள் 41.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் பெட்டிக்குப் பின்னாலிருந்து முறிவெண்ணெய் பாட்டிலை எடுத்தேன். மூடி திறக்க வரவில்லை, பல்லால் கடித்துத் திறந்தேன். அறை முழுக்க எண்ணெய் வாடை. பெனிட்டாவின் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அம்மா ஃபோன் பண்ணினாள். ஜெயித்த விஷயத்தை ரஹ்மத் வீட்டில் சொல்லி, எப்படியோ அவள் காதுக்கும் போயிருக்கிறது. வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் கூப்பிட்டிருக்கிறாள். விரலுக்கு எண்ணெய் கேட்டதா என்றாள்.

"அம்மா, விரலு போன வருசமே சரியாயிட்டு," என்றேன். "எண்ணெய பெனிட்டா கைக்குத் தேய்ச்சிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"சரி," என்றாள் அம்மா. "ஃபோன வெச்சிட்டு, ரெண்டு கையாலயும் நல்லா அழுத்தித் தேயி."